ரத விளக்குக்குப் பொரித்த எண்ணெய்

சென்ற ஆண்டுத் திருவிழாவில், ரத விளக்குகளுக்கு மின்சாரம் தந்த ஜெனரேட்டர் தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலை நெடுகக் கரும்புகையைக் கக்கியது. அதை ஏற்றிச் சென்ற லோரியின் பின்னால் பால்குடம் சுமந்து நடந்த மோகனா, இருமி இருமிப் பாதி வழியில் குடத்தை இறக்கிவிட்டார். நேர்த்திக்கடன் நிறைவேறவில்லை.

இவ்வாண்டு அவருடைய தங்கை மலர்விழி கோயில் நிர்வாகத்திடம் வாதாடினாள். கல்லூரி ஆய்வகத்தில் பணிபுரியும் அவள், தெங்கேரா வட்டாரக் கடைகளில் வடை பொரித்து மீந்த எண்ணெயைச் சேகரித்து, வடிகட்டி, மெத்தனால் சேர்த்து, டீசல் இயந்திரத்துக்கேற்ற எரிபொருளாக மாற்றியிருந்தாள்.

"நடு ரோட்டுல ரதம் இருட்டாயிருச்சுன்னா சாமிகிட்ட நீதான் பதில் சொல்லணும் லா," என்றார் செயலாளர் வடிவேலு.

"டீசல விட கொஞ்சம் கூடுதலா குடிக்கும், அண்ணே. அதுக்குத்தான் இன்னொரு கேன் வச்சிருக்கேன். கரும்புகை கொறைஞ்சிரும்."

"சரி, பாப்போம். ஒரு கம்ப்ளேன் வந்தாலும் அடுத்த வருஷம் டீசல்தான்."

மாலையில் ரதம் புறப்பட்டது. விளக்குகள் மங்காமல் எரிந்தன. புகை கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால், லோரி சற்றுத் தூரம் சென்றதும் சுடச்சுடப் பருப்பு வடையின் மணம் சாலையில் பரவியது.

பின்னால் வந்த பெண்கள் காலை முதல் விரதம் இருந்தவர்கள்.

"யாருடி இங்க வடை சுடுறது?"

"ஜெனரேட்டர்தான் சுடுது!"

"ஐயோ முருகா, வெரதக்காரிய இப்படியா சோதிப்ப!"

வடிவேலு மலர்விழியின் அருகில் வந்தார். "கம்ப்ளேன் வந்துருச்சும்மா."

மலர்விழி எல்லாவற்றையும் கணக்கிட்டிருந்தாள். மணத்தை மட்டும் நினைக்கவில்லை. அவள் திரும்பித் தன் அக்காவைப் பார்த்தாள். மோகனா உதட்டை இறுக்கிக்கொண்டு, ஒரே சீராக நடந்துகொண்டிருந்தார்.

கோயிலில் அவருடைய குடத்துப் பால் அபிஷேகமாயிற்று. வெளியே வந்தவரை வடிவேலு நிறுத்தினார்.

"அடுத்த வருஷம் டீசலே ஊத்திரலாமா, மோகனா?"

"போன வருஷம் இருமல், அண்ணே. இந்த வருஷம் பசி. பசியோட வந்து சேந்துட்டேன்ல?"

வடிவேலு பந்திப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "பால்குடம் எடுத்தவங்களுக்கு மொதல்ல வடைய போடுங்கப்பா!"

மலர்விழி காலிக் கேனை எடுத்துக்கொண்டு, சட்டியில் மீந்த எண்ணெயைக் கேட்கச் சமையற்கூடத்துக்குச் சென்றாள்.