ஒரு சாண் இடைவெளி

...ஒரு சாண்தான், அன்றைக்கும் ஒரு சாண், இன்றைக்கும் அதே ஒரு சாண், குழாய் தானாக வளர்ந்து போய்ச் சேர்ந்துகொள்ளுமா என்ன. பரணில் முழங்காலிட்டு, டார்ச்சைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருக்கிறேன். குழாய் மரச்சட்டத்தின் மேல் வாயைப் பிளந்து கிடக்கிறது, அதற்கு எதிரே பாப்பாவின் அறைக்கு இறங்குகிற துளை, நடுவில் ஒன்றுமில்லை. குழாயிலிருந்து வெதுவெதுப்பான நல்ல காற்று என் முகத்தில் அடிக்கிறது. எட்டு மாதமாக இந்தக் காற்று முழுவதும் பரணில் கிடக்கும் பழைய சூட்கேஸ்களுக்குத்தான் போயிருக்கிறது, கீழே ஏழு வயதுக் குழந்தை மூச்சு இளைத்துக்கொண்டிருக்க... கீழே அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "என்னடா, ஏதாவது தெரியுதா?" "பாத்துட்டிருக்கேன்க்கா." பார்த்துவிட்டேன். பார்த்து எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது, இந்த "பாத்துட்டிருக்கேன்" யாருக்காக?

இந்தக் காற்றோட்டப் பெட்டியைப் போடச் சொன்னதே நான்தான். அக்கா கேட்கவில்லை, மாமா கேட்கவில்லை. இருபது வருடமாக அடுத்தவர் வீடுகளுக்குக் காற்று விடுகிறவன், இந்தக் குளிர் தேசத்தில் சொந்த அக்கா வீட்டில் குளிர்காலம் முழுக்க ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால் சும்மா இருப்பேனா என்று எனக்கு ஒரு வீறாப்பு. ஈரக்காற்றை வெளியே தள்ளும், புதுக்காற்றை உள்ளே கொண்டுவரும், போகிற காற்று தன் சூட்டை வருகிற காற்றிடம் கொடுத்துவிட்டுப் போகும், ஆனா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடாதுக்கா, என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அதோடு விட்டேனா, சூடு வீணாகக் கூடாதென்று ஜன்னல் இடுக்குகளையெல்லாம் நானே அடைத்தேன். அதற்கு முன்பாவது அந்த இடுக்குகள் வழியாக வீடு கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது... கடைசி நாள் சாயங்காலம் குழாய் எட்டவில்லை. இணைப்புத் துண்டு கையில் இல்லை. நாளைக்கு வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று, கீழே பாப்பா அறைக் கூரையில் துளை போட்ட வெள்ளை மூடியை மட்டும் அழகாகத் திருகிவிட்டு இறங்கினேன். மறுநாள் பெரிய கட்டட வேலை ஒன்று வந்தது. மறந்துவிட்டேன். மறந்தேனா? அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் மாதமே அக்கா போனில் சொன்னாள், பாப்பா ரூம்ல மட்டும் கைய வெச்சா காத்தே வரலடா என்று. அது மெதுவாத்தான் வரும், கைக்குத் தெரியாதுக்கா, என்றேன், வண்டி ஓட்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே. நாலாம் மாதம் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள் என்றாள். ஈரத் துணிய எங்க காயப்போடுறே, என்று கேட்டேன். கேள்வியா அது? ஹாலில்தான் என்றாள், குரல் இறங்கிவிட்டது, அந்த இறக்கம் இப்போதுதான் காதில் விழுகிறது. அப்ப அதான் காரணம், என்று நான் தீர்ப்பு எழுதினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்று முதல் மாமா வாயில் அதே பேச்சு, பாப்பா இருமும்போதெல்லாம், "உன் தம்பியே சொல்றானே, துணிய உள்ள போடாதேன்னு, தொழில் தெரிஞ்சவன் சொன்னாக் கேக்க மாட்டியா?" அக்கா கொட்டுகிற பனியில் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கும் ஹாலுக்கும் நடந்தாள், குளிக்கிற நேரத்தைக் குறைத்தாள், உலை கொதித்தால் ஓடிப்போய் மூடினாள், சுவரைத் துடைத்துத் துடைத்து விரல் நுனியெல்லாம் வெடித்துப் போயிருக்கிறது, ஏணியைப் பிடிக்கும்போது பார்த்தேன். இன்று காலையும் பாப்பாவை மாமா டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார், இந்த மாதத்தில் மூன்றாம் முறை.

துண்டை மாட்டினேன், டேப் சுற்றினேன். பத்து நிமிஷ வேலை. நம்பவே முடியவில்லை, பத்தே நிமிஷம்! இறங்கி வந்தபோது அக்கா நாற்காலி போட்டு ஏறி, பாப்பா அறையின் வெள்ளை மூடிக்குக் கீழே உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள். "வருதுடா... நல்லா வருதுடா! என்ன பண்ணினே?" ஃபில்டர் அடைச்சிருந்துச்சு என்று நாக்கு நுனி வரை வந்தது. அதை மாதாமாதம் கழுவுகிறவள் இவள்தானே. "நான் மாட்டவே இல்லக்கா. குழாய... அன்னைக்கு மாட்டாமலேயே போயிட்டேன். துணியால இல்ல, நீ செஞ்ச எதனாலயும் இல்ல." கையை அவள் இறக்கவில்லை. காற்றில் அப்படியே வைத்திருந்தாள், நான் பேசுவது கையால்தான் கேட்கும் என்பது போல. பிறகு நாற்காலியை விட்டு மெல்ல இறங்கினாள். "எட்டு மாசம்," என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. "சரி விடு. வேணும்னா செஞ்சே? மாமாகிட்ட நீ ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம், அப்புறம் உன்ன வீட்டுக்குள்ளயே விட மாட்டாரு. ஏதோ அடைச்சிருந்துச்சு, எடுத்துட்டான்னு நானே சொல்லிக்கிறேன்."

அப்பாடா என்றிருந்தது. அதுதான், அந்த அப்பாடாதான் என்னைப் பிடித்து உலுக்குகிறது, வெட்கம் வருவதற்கு முன்னால் அது வந்துவிட்டதே. பையை எடுத்தேன், வாசலில் உட்கார்ந்து ஷூவை மாட்டத் தொடங்கினேன், உள்ளே அக்கா பாப்பாவின் தலையணை உறையை மாற்றிக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறாள், சந்தோஷமாகத்தான். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்கிறது, யாரிடம் சொன்னாய்? மன்னித்துவிடுவாள் என்று தெரிந்த ஒரே ஆளிடம். அவள் நல்ல பெயரை இழந்தது என்னிடம் அல்லவே, மாமாவிடம்தானே, பாப்பாவிடம்கூட... அம்மா துணி காயப்போட்டதாலதான் எனக்கு இருமல் என்று அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்காதா? கீழே கார் கதவு சாத்துகிற சத்தம். படியில் மாமாவின் கனத்த அடி, அதன் பின்னால் சின்ன அடி, நின்று நின்று, நடுநடுவே இருமல். ஒரு காலில் ஷூ ஏறிவிட்டது. இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.