வாண்டாவின் வலது கால்

தன்னைப் பற்றி மினியாபோலிஸ் அருங்காட்சியகம் சுவரில் ஒட்டவிருந்த குறிப்பை மார்லிஸ் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பினாள். 'கனத்தின் அரசியலை விசாரணைக்கு உட்படுத்தும் ஓவியர்' என்று அது தொடங்கியது. தான் இதுவரை யாரையும் விசாரித்ததில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

"பயிற்சின்னு கல்லூரி பேரைப் போட்டிருக்கீங்க, அதுல வாண்டா சோர்லி பேரைக் காணோமே" என்றாள் போனில்.

"அவங்க எந்தக் கல்லூரிப் பேராசிரியர்?" என்றார் கண்காட்சிப் பொறுப்பாளர் பிரெஸ்டன்.

"நான் படிச்சப்போ காலைல ஸ்கூல் பஸ் ஓட்டுவா. மத்தியானம் எங்க ஓவிய வகுப்புல மாடலா நிப்பா."

பிரெஸ்டன் இருமினார்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், ஓவியக் கல்லூரியில், மாணவர் படங்களை எல்லோரும் கூடி அலசும் முதலாண்டு விமர்சன நாள். வரைந்தவர் வாய் திறக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். மற்றவர்கள் வாய் மூடக்கூடாது என்பதும் சட்டம்தான் போலிருக்கிறது. மார்லிஸ் வரைந்த பெண் தரையில் படாமல் அந்தரத்தில் தொங்கினாள். மார்லிஸுக்குக் கால் வரைய வராது, அவ்வளவுதான். பேராசிரியர்கள் அந்த அந்தரத்தை நாற்பது நிமிடம் புகழ்ந்தார்கள். புவியீர்ப்புக்கு எதிரான கலகம் என்றார் ஒருவர். கலகக்காரியாக இருப்பதில் மார்லிஸுக்கும் ஆட்சேபமில்லை.

அப்போது, அங்கியைச் சுற்றிக்கொண்டு காபிக் கோப்பையோடு பின்னால் நின்றிருந்த வாண்டா கேட்டாள். அவளுக்கும் மார்லிஸ் வயதுதான்.

"ஏண்டி, மூணு வாரமா மொத்த பாரத்தையும் வலது கால்ல போட்டு நின்னேன், மரத்தே போச்சு. உன் படத்துல அந்தக் காலுக்கு வேலையே இல்லையே?"

அந்தக் கோடை முழுவதும் மார்லிஸ் வாண்டாவின் சமையலறையில் உட்கார்ந்து, அவள் பாத்திரம் கழுவும்போது அவள் கால்களையே வரைந்தாள். பிறகு அவள் படங்களில் எல்லோரும் தரையில் நின்றார்கள். அவளும்தான்.

"பேரு இல்லைன்னா படமும் இல்ல, பிரெஸ்டன். படங்களை ஏத்தின வேனைத் திருப்பி அனுப்பிடுங்க" என்றாள் மார்லிஸ் இப்போது போனில். சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அவள் ஆயுளில் கிடைத்த முதல் அருங்காட்சியகக் கண்காட்சி அது.

திறப்பு நாளன்று சுவரில் இப்படி இருந்தது: 'பயிற்சி: வாண்டா சோர்லியின் வலது கால்.' கல்லூரியின் பெயர் அதற்கு அடுத்த வரியில்தான்.

ஒரு கையில் பாலாடைக்கட்டித் தட்டும் மறு கையில் ஊன்றுகோலுமாக வாண்டா அதை இரண்டு முறை படித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இடது காலு கோவிச்சுக்கப் போகுதுடி."

மார்லிஸ் காவலாளியின் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. நீ நின்னது போதும்."