எல்லாரும் சஞ்சீவ்

பெல்மதுளைச் சந்தியில் போன் கடை வைத்திருக்கும் சஞ்சீவுக்கு, தான் ஒரு பெரிய குடும்பஸ்தன் என்கிற விஷயம் வருங்கால மாமனார் சொல்லித்தான் தெரியவந்தது.

மாமனார் பாலசுப்பிரமணியம் அதே கடைத்தெருவில் துணிக்கடை நடத்துகிறவர். அவருடைய மகள் துஷாந்தினிக்கும் சஞ்சீவுக்கும் தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அதுவரை வாய் நிறைய "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டவர், அன்றைக்குப் போன் எடுத்து, "மிஸ்டர் சஞ்சீவ், கொஞ்சம் கடைக்கு வந்துட்டுப் போங்க" என்றார். அந்த மிஸ்டரைக் கேட்டதும் அவன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

துணிக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் கேஷானி லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரத்தினபுரியிலிருந்து வந்து கடைக்கு இன்டர்நெட் விளம்பரம் செய்து கொடுக்கிற பெண் அவள். துஷாந்தினி சேலை அடுக்குகிற சாக்கில் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த முதுகைப் பார்த்ததும் கல்யாணம் கைநழுவிப் போகிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஏன் என்றுதான் புரியவில்லை.

"நீங்களே சொல்லுங்கம்மா," என்றார் பாலசுப்பிரமணியம்.

"முந்தி ஒருத்தர் நம்ம பேஜுக்குத் திரும்ப வந்தா, அவர் போன்ல பதிஞ்சு வைக்கிற குக்கிங்கிற அடையாளத்த வச்சுத்தான் கண்டுபிடிப்போம்," என்றாள் கேஷானி. "இப்ப அது சரிவராது. அதனால ஈமெயில வச்சுப் பிடிக்கிறோம். எந்த போன்ல இருந்து வந்தாலும் ஈமெயில் ஒண்ணுன்னா ஆள் ஒண்ணு."

"குக்கின்னதும் நான் ரெண்டு டின் பிஸ்கட் வாங்கி வச்சிட்டேன். அது வேற தண்டம்," என்று மாமனார் நடுவில் பொரிந்தார். "மேல சொல்லுங்க."

"நம்ம கடைய ஆக அதிகமா திரும்பத் திரும்பப் பாக்குறது சஞ்சீவ் அண்ணன்தான். புள்ளத்தாச்சி நைட்டி பாக்குறாரு. பொறந்த புள்ளைக்குச் சட்டை. சடங்குக்குப் பட்டுப் பாவாடை. அறுபதாங் கல்யாண வேட்டி. கம்பியூட்டரும் இவரப் பெரிய குடும்பத் தலைவர்னு எடுத்துக்கிட்டு, அதுக்கேத்த விளம்பரமா அனுப்பிக்கிட்டே இருக்கு."

"மாசமா ஒரு பொண்டாட்டி. ஆளான ஒரு மக. மிஸ்டர் சஞ்சீவ், உங்களுக்கு வயசென்ன?"

"இருபத்தொம்பது மாமா."

"மாமான்னு சொல்லாதீங்க."

சஞ்சீவ் பேயறைந்தவன் போல நின்றான். அந்தப் பேஜை அவன் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. தூக்கத்தில் நைட்டி பார்க்கிற வியாதி ஏதும் வந்துவிட்டதோ என்றுகூட ஒரு கணம் பயந்தான். பிறகு சட்டென்று நெல்லிவத்தைத் தேயிலைத் தோட்டம் ஞாபகத்துக்கு வந்தது.

அந்தத் தோட்டத்துச் சனங்கள் பாதிப்பேர் அவனிடம்தான் போன் வாங்கினார்கள். புதுப் போன் ஈமெயில் கேட்கும். அவர்களுக்கு ஏது ஈமெயில்? ஆளாளுக்கு ஒன்று செய்து கொடுக்கச் சோம்பல்பட்டு, எல்லாப் போனிலும் தன்னுடையதையே போட்டு, "சரி, வேல முடிஞ்சுது" என்று அனுப்பிவைத்த மகானுபாவன் அவன். இதை வெளியே சொன்னால் கடைத்தெருவில் அவன் கெட்டிக்காரத்தனம் சந்தி சிரிக்கும். சொல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. மானத்தை விட்டுச் சொல்லிவிட்டான்.

பாலசுப்பிரமணியம் நம்புகிற மாதிரித் தெரியவில்லை. சஞ்சீவ் வெளியே ஓடினான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கருவாடு பேரம் பேசிக்கொண்டிருந்த நெல்லிவத்தை இருளாயியைக் கையோடு கூட்டிவந்து, போனைத் திறக்கச் சொன்னான். துணிக்கடைப் பேஜ் "மீண்டும் நல்வரவு, சஞ்சீவ்!" என்று அவளை அன்போடு வரவேற்றது.

"ஆமாங்க மொதலாளி, போன்ல எம்பேரு சஞ்சீவ்தாங்க," என்றாள் இருளாயி. "மாத்தத் தெரியல, அப்படியே விட்டுட்டோம். நைட்டி பாத்தது எம் மருமக. சடங்குப் பாவாடை விஜயகலா மகளுக்கு. எங்க லயத்து வீடுகள்ல எல்லாரும் சஞ்சீவ்தாங்க. தோட்டத்துத் தலைவருகூட சஞ்சீவ்தான்."

கேஷானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமனாருக்குச் சிரிப்பு வரவில்லை. வியாபாரி அல்லவா, எந்தத் துணியையும் மறுபக்கம் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார்.

"சரி, ஒத்துக்கிறேன். ஆனா இத்தன பேருக்கு நடுவுல ஒளிஞ்சுக்கிட்டு இவரும் யாருக்காச்சும் ஒண்ணு ரெண்டு பாத்திருந்தா?"

"அதக் கம்பியூட்டரால பிரிக்க ஏலாது அங்கிள்," என்றாள் கேஷானி.

சஞ்சீவுக்குக் கண் கலங்கிவிட்டது. செய்யாததைச் செய்யவில்லை என்று எப்படித்தான் காட்டுவது? இருளாயியும் பாவம், கருவாட்டுப் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் துஷாந்தினி திரும்பினாள்.

"அப்பா, இவருக்கு இன்னொரு குடும்பம் இருக்க வாய்ப்பே இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இவங்க வீட்ல பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே நான் மாசாமாசம் இவரு கடைக்குப் போயிருக்கேன். ஒவ்வொரு தடவையும் கழுத்த நிமித்தி, 'ஊருக்குப் புதுசாங்க?'ன்னுதான் கேட்டாரு. நம்ம கடை ரெண்டு கடை தள்ளித்தான் இருக்கு! பொண்ணு பாக்க வந்த அன்னைக்கும் என்ன அடையாளம் தெரியல. ஒரு பொம்பள மூஞ்சியவே ஞாபகம் வச்சிக்கத் துப்பில்லாத ஆளு, ரெண்டு குடும்பத்த எப்படிப்பா சமாளிப்பாரு?"

பாலசுப்பிரமணியம் யோசித்தார். மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். இதைவிடப் பலமான சாட்சி கிடைக்காது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும்.

"உக்காருங்க மாப்பிள்ளை," என்றார்.

சஞ்சீவ் உட்காரவில்லை. பிழைத்துக்கொண்டோம் என்று சந்தோஷப்படுவதா, மானம் கப்பலேறியதற்கு அழுவதா என்று தெரியாமல் நின்றான். அதற்குள் மாமனாருக்கு வேறொரு சந்தேகம் வந்துவிட்டது.

"மாசாமாசம் அங்க எதுக்கும்மா போன?"

"போன் கிளாஸ் மாத்த."

"உன் போன்தான் ஒரு தடவகூட ஒடையலியே?"

துஷாந்தினி காது வரைக்கும் சிவந்துபோய் நின்றாள். அந்த முகத்தை அன்றைக்குத்தான் சஞ்சீவ் முதல்முதலாக ஒழுங்காகப் பார்த்தான்.