பழைய முதலாளி

சேனாதிபதிக்குப் பழனி அடிவாரத்தில் இரண்டு லாட்ஜுகள். கொடைக்கானலில் ஏரிக்கு மேலே ஓர் ஓட்டல் விலைக்கு வந்தபோது அதையும் வாங்கிப்போட்டார். மலைக்கு வருகிறவர்கள் வேறு ரகம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பழனிக்கு வருகிறவன் வெந்நீர் வருமா என்று கேட்பான். இங்கே வருகிறவன் போட்டோ எடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டான். பக்கத்து ஓட்டலில் முயல் வைத்திருந்தார்கள். சேனாதிபதி ஒரு படி மேலே போய், சென்னையிலிருந்து ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றை வாங்கி வந்து முகப்பில் இரும்புக் கூண்டில் வைத்தார். வெளிநாட்டுக்காரன் என்பதால் அதற்குத் துரை என்று பெயர்.

துரை நன்றாகப் பேசும். ஓட்டல் போனைப் போலவே மணி அடிக்கும். மேனேஜர் முகேஷ் ஓடி வந்து போனை எடுத்து ஏமாந்து நிற்பான். "செக் அவுட் பதினோரு மணி சார்" என்று முகேஷின் குரலிலேயே விருந்தாளிகளை விரட்டும். எல்லோரும் சிரித்தார்கள், கூண்டைத் தட்டினார்கள், சிப்ஸ் நீட்டினார்கள். மூடுபனி இறங்கியதும் மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடிவிடுவார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் துரை தன் நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. பொங்கல் வருவதற்குள் கழுத்துக்குக் கீழே வெறும் தோல்.

"என்னங்க, இது தன்னைத்தானே பிச்சுக்கிட்டுக் கெடக்கு. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள் மனைவி வடிவு. ஓட்டல் சமையல்கட்டு அவள் பொறுப்பு.

"எனக்குந்தான் முடி கொட்டுது. எந்த டாக்டர்கிட்ட காட்டுன?" என்று அவர் வேறு சோலியைப் பார்க்கப் போய்விட்டார்.

மதுரையிலிருந்து வந்து தங்கிய தேவசேனா என்ற வங்கி அதிகாரி, அறையைக் காலி செய்யும்போது அவரிடம் நேரிலேயே சொன்னாள். "சார், இது கூட்டமா வாழ்ற பறவை. வெக்கையான காட்டுல இருக்க வேண்டியது. குளிரும் தனிமையும் தாங்காமத்தான் இப்படிப் பண்ணுது."

"மேடம், அதுக்குத் தினம் பாதாம் போடுறோம். நான் பாதாம் தின்னே பல மாசமாச்சு."

தேவசேனா செல்போனை எடுத்துத் துரையை வீடியோ எடுத்துக்கொண்டாள். ஊருக்குப் போய் அதை இணையத்தில் போட்டாள். அது பரவியது. பதிவு செய்திருந்தவர்கள் ஒவ்வொருவராக ரத்து செய்தார்கள். 'கிளியையே இப்படி வைத்திருப்பவன் நமக்கு என்ன சோறு போடுவான்?' என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வடிவு அன்று சமையல்கட்டுப் பக்கமே போகவில்லை.

முகேஷ்தான் வழி சொன்னான். கொடைக்கானலிலேயே பிறந்து கான்வென்டில் படித்தவன். "சார், பேர்டை இப்ப எடுத்துட்டா நாம தப்புப் பண்ணோம்னு ஆயிடும். ஸ்டோரியை மட்டும் மாத்துவோம்."

மறுநாள் கூண்டின் மேல் ஒரு பலகை தொங்கியது. 'மீட்கப்பட்ட பறவை. பழைய முதலாளியின் கொடுமையால் இறகுகளை இழந்தது. அன்போடு அணுகவும்.'

"யாருலே அந்தப் பழைய முதலாளி?" என்று கேட்டார் சேனாதிபதி.

"யாரோ ஒருத்தன் சார். பேரெல்லாம் எதுக்கு?"

பலகை வேலை செய்தது. விருந்தாளிகள் கூண்டைத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரத்து செய்தவர்களே திரும்பப் பதிவு செய்தார்கள். "அவனுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?" என்று சேனாதிபதியின் கையைப் பிடித்துக் கேட்டார்கள்.

"மனுச ஜென்மமாங்க அவன்?" என்பார் சேனாதிபதி.

முதலில் சொல்லக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. கேட்கிறவர்களுக்குத் தகுந்தபடி பழைய முதலாளி வளர்ந்தான். ஊட்டிப் பக்கத்துக்காரன் என்றார். குடிகாரன் என்றார். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "அந்தப் பய மட்டும் என் கையில சிக்கட்டும்" என்று பல்லைக் கடித்தார்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த வடிவு கரண்டியை நிறுத்தினாள். "எந்தப் பயங்க?"

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்து வெகுநேரம் குடித்தார்.

இதற்குள் விஷயம் மலைக்குக் கீழேயும் போய்விட்டது. மலைமேல் ஒரு ஓட்டல்காரர் பறவைகளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாராம் என்று கேள்விப்பட்டு, வளர்த்துச் சலித்தவர்கள் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். லவ் பேர்ட்ஸ் வந்தன. கொண்டை வைத்த காக்கட்டீல் கிளிகள் வந்தன. செல்போனை நீட்டியபடி நிற்கிற விருந்தாளிகளுக்கு எதிரே வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒரு கூண்டு இருந்த முகப்பில் கூண்டுக்கு மேல் கூண்டு ஏறியது. இரைச்சல் தாங்காமல் துரை இறக்கையிலும் பிடுங்கத் தொடங்கியது. இரக்கம் கூடியது. அறைகள் நிரம்பின.

ஊரில் இருந்த இயற்கை ஆர்வலர் சங்கம் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தது. விழாவை ஓட்டல் முகப்பிலேயே வைத்தார்கள். சங்கத் தலைவர் சிவமுருகன் மைக்கில் கருணையைப் பற்றி நிறையப் பேசிவிட்டு, பெரிய பொன்னாடை ஒன்றை எடுத்து உதறி விரித்தார்.

விரிந்த துணியைப் பார்த்ததும் துரை கூண்டின் மூலைக்கு ஒடுங்கியது. பிறகு உரக்கச் சொன்னது:

"ஏலே, சாக்கைப் போட்டு வெரசா மூடுலே! சனியன், உயிரை வாங்குது!"

அச்சு அசல் சேனாதிபதியின் குரல். அந்தக் கரகரப்பு, அந்த 'லே' போட்ட பேச்சு, எதுவும் குறையவில்லை. முகேஷ் தரையைப் பார்த்தான். வடிவு கணவனைப் பார்த்தாள்.

முன்வரிசையில் ஓர் அம்மா விம்மினார். "ஐயோ பாவம், அந்தப் பழைய முதலாளி சொன்னதை இன்னும் மறக்கலை பாருங்க!"

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். சேனாதிபதியின் தோளில் பொன்னாடை விழுந்தது. அவர் மைக்கை வாங்கினார்.

"அது என் குரலுங்க. பழைய முதலாளின்னு வேற ஆள் யாரும் கிடையாது. நான்தான்."

சிவமுருகன் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "எவனோ செஞ்ச பாவத்தைத் தன் பாவமா ஏத்துக்கிறாரே! இந்த மனசு யாருக்குங்க வரும்?"

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. அந்த வீடியோ தேவசேனாவின் வீடியோவைவிட வேகமாகப் பரவியது. சீசன் முழுவதற்கும் அறைகள் நிரம்பிவிட்டதாக முகேஷ் சந்தோஷமாக வந்து சொன்னான்.

அன்று மாலை பனி இறங்கியபோது சேனாதிபதியே சாக்கை எடுத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் போனார். அவர் கை உயரும் முன்பே துரை கம்பியோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடியது. அடி வாங்கப்போகிறவனைப் போல. அவர் சாக்கைக் கீழே போட்டார். கூண்டை அணைத்துத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் படுக்கையறை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு தேவசேனாவுக்குப் போன் செய்தார்.

பேரைச் சொன்னதுமே அவள் பொரிந்தாள். "வீடியோவை எடுக்க மாட்டேன் சார். கேஸ் போடணும்னா தாராளமாப் போடுங்க."

"எடுக்க வேண்டாம்மா. நான்தான் பண்ணேன்னு சொன்னா இங்க ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க. நீங்க நம்புவீங்கல்ல, அதான் கூப்பிட்டேன்."

அப்புறம் தேவசேனா, மதுரைக்கு வெளியே பறவை வைத்தியம் பார்க்கிற ராஜேஷ்குமார் என்ற டாக்டரைப் பற்றிச் சொன்னாள். பெரிய வலைக்கூடம் கட்டி இதே இனக் கிளிகளை வைத்துப் பராமரிக்கிறார் என்றாள்.

மறுநாள் வெள்ளனே கிளம்பினார்கள். பின்சீட்டில் வடிவு மடியில் கூண்டை வைத்திருந்தாள். பெருமாள்மலை தாண்டும்வரை துரை உருண்டையாகச் சுருண்டு கிடந்தது. மலையிறங்கி வத்தலக்குண்டு வந்து ஜன்னல் கண்ணாடியை இறக்கியதும் சூடான காற்று அடித்தது. துரை ஓட்டை விழுந்த இறக்கைகளை முடிந்த மட்டும் விரித்துக் காட்டியது. "பாருங்க, பாருங்க" என்றாள் வடிவு. அவர் எதிரே இருந்த சிறு கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

டாக்டர் துரையைப் புரட்டிப் பார்த்தார். சில இடங்களில் இறகு வளரும், சில இடங்களில் வளராது என்றார். வலைக்கூடத்தில் விட்டதும் துரை ஒரு கிளைக்குத் தத்திப் போய் உட்கார்ந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு சாம்பல் கிளி. ஏதாவது சொல்லும் என்று சேனாதிபதி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். துரை அவர் பக்கம் திரும்பவே இல்லை. "வாங்க, போகலாம்" என்று வடிவு தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தார்.

மலைக்கு வந்ததும் பலகையைக் கழற்றினார். மிச்சப் பறவைகளையும் அடுத்தடுத்துக் கீழே டாக்டரிடம் கொண்டுபோய் விட்டார். முகப்பு காலியானது. ஆனால் செல்போன் மேப் இன்னும் அந்த ஓட்டலைப் பறவைகள் காப்பகம் என்றே காட்டியது. முகேஷ் எத்தனை முறை எழுதிப்போட்டும் மாறவில்லை. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சேனாதிபதி வந்தவர்களை வாய் நிறையத் திட்டுவார். திட்டி முடித்ததும் கூண்டை வாங்கிக்கொள்வார். மதுரைப் பயணம் வாராவாரம் ஆனது.

போன வாரம் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு மினி லாரி வந்து நின்றது. பின்னால் ஓர் ஈமுக் கோழி, ஆள் உயரத்துக்கு, அவரையே முறைத்தது.

"யோவ், இது எப்படிய்யா பறவை?"

"இறக்கை இருக்குங்களே" என்றான் டிரைவர்.

சேனாதிபதி லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இது என்ன தின்னும், குளிர் தாங்குமா என்று கேட்டுக்கொண்டார். பிறகு டாக்டருக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் அதன் உயரத்தை விசாரித்தார்.

"கொண்டு வாங்க சார். ஆனா அந்த லாரியிலேயே கொண்டு வாங்க. கார்ல மட்டும் ஏத்திடாதீங்க."