எட்டு மணிக் காற்றாடி

மடிக்கணினி என்றால் கடைக்குப் போய்ப் பெட்டியோடு வாங்கி வருவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகன் காலேப் எதையும் அப்படிச் சாதாரணமாகச் செய்கிறவன் இல்லை. கடல் தாண்டி கூச்சிங்கில் பொறியியல் படிக்க இடம் கிடைத்ததும், பாகங்களைத் தானே ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரு கணினி செய்து வாங்கப் போவதாகச் சொன்னான். படிக்கவா விளையாடவா என்று கேட்டேன். விளையாட்டு ஓடுகிற கணினியில் படிப்பு தானாக ஓடுமாம். வாயில் அவனை ஜெயிக்க முடியாது.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் கணினியைத் தேர்ந்தெடுத்த நாட்களில்தான் என் பிள்ளை என்னோடு பேசினான். அவன் அப்பா ஜொகூரில் இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறார்; அவரைப் பற்றி இவ்வளவு போதும். அவர் போன பிறகு கிள்ளானில் இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பல் கிளினிக் ஒன்றில் கவுன்டரில் உட்கார்ந்திருந்துவிட்டு நான் வீடு திரும்பும்போது அவன் அறைக்கதவு மூடியிருக்கும். உள்ளே ஆள் இருக்கிறது என்பதற்கு ஒரே அடையாளம், அவனுடைய பழைய மேசைக் கணினியின் காற்றாடிச் சத்தம். விளையாட ஆரம்பித்தால் கணினி சூடாகிவிடும். சூட்டைத் தணிக்க உள்ளே இருக்கிற காற்றாடி உர்ரென்று இரையும். சுவருக்கு இந்தப் பக்கம் நான் சோறு வடித்துக்கொண்டிருப்பேன். மண்டை காய்கிறது, அதை நிறுத்து என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

அதே பையன் இப்போது சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பேசியில் ஒவ்வொரு பாகமாகக் காட்டினான். நானும் விடவில்லை. ரேம் எதற்கு இவ்வளவு, திரை ஏன் பளபளவென்று இருக்கக் கூடாது, இந்தப் பாரத்தைத் தோளில் மாட்டினால் முதுகு என்னத்துக்கு ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பாதிக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியும். கிளினிக்கில் கூட்டம் இல்லாத நேரத்தில் படித்துவிட்டுத்தான் வந்திருப்பேன். கேள்வி தீர்ந்துவிட்டால் எழுந்து அறைக்குப் போய்விடுவானே என்ற பயம்தான் எனக்கு.

ஒரு சனிக்கிழமை இருவரும் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனோம். உணவுக்கடைக்கு மேலே, மாடியில் ஒரு சின்னக் கடை. கணினி செய்து கொடுக்கிற குரு என்கிற இளைஞர், நான் அடுக்கிய கேள்விகளைக் காதில் வாங்கிவிட்டு, ஆன்டிதான் விளையாடப் போறீங்களா என்று சிரித்தார். இரண்டு விஷயங்களில் மட்டும் தகராறு வந்தது. ஒன்று, இணையத்தைப் பிடிக்கிற வைஃபை கார்ட். காலேப் புதிதாக வந்ததைக் கேட்டான். சாதாரணமானதே போதும் என்றேன் நான். குரு என் பக்கம் பேசியதால் அதில் ஜெயித்தேன். இன்னொன்று காற்றாடி. சத்தம் போடாத வகையும் இருந்தது, இரைகிற வகையும் இருந்தது. இரைகிறதையே போடு என்றேன். ஹாஸ்டலில் கூட இருக்கிறவன் என்னைத் தூக்கி வெளியே போட்டுவிடுவான் என்றான் காலேப். குருவும் அவனோடு சேர்ந்துகொண்டார். சத்தம் எதற்கு வேண்டும் என்று இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என்னவென்று சொல்வது? சும்மாதான் சொன்னேன் என்று விட்டுவிட்டேன்.

கணினி வந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு அவனும் போய்விட்டான்.

அதன் பிறகு வீடு வீடாகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவனுக்கு ஃபோன் போட்டால், ம், ஆமா, சரி என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவான். செய்தி அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும். சர்ச்சில் இராஜம்மா ஆன்டி விசாரித்தபோது, நிம்மதி ஆன்டி, சமையல் வேலை குறைஞ்சுடுச்சு என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தேன். யார் யாரோ பேசினார்கள். தனியாக இருப்பதைவிட அது மோசமாக இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அவன் அறையைப் பெருக்கப் போனேன். மேசைக்கு அடியில் அந்தப் பழைய கணினி தூசி படிந்து கிடந்தது. துடைத்தேன். துடைத்த கையோடு அதன் பொத்தானை அழுத்தினேன். திரையை நான் தொடவே இல்லை, எனக்கு எதற்குத் திரை? கொஞ்ச நேரம் முனகிவிட்டு, பிறகு பழையபடி உர்ரென்று இரைய ஆரம்பித்தது. கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்கு வந்து நின்றேன். உள்ளே பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கிறான் என்றே இருந்தது. வெங்காயம்கூட நறுக்கவில்லை, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

அன்றிலிருந்து தினமும் எட்டு மணிக்குப் பொத்தானை அழுத்துவேன். சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்த பிறகு நிறுத்துவேன்.

அந்த வாரத்திலேயே காலேப் தானாக ஃபோன் பண்ணினான். எடுத்ததும் ஒரே திட்டு. நண்பர்களோடு விளையாட உட்கார்ந்தால் பாதியில் இணைப்பு அறுந்துபோகிறதாம். திரும்ப நுழைந்தால் திரும்பவும் வெளியே தள்ளுகிறதாம். எல்லாம் நான் பிடிவாதமாக வாங்க வைத்த அந்த மட்டமான வைஃபை கார்டால் வந்த வினையாம். சரிதான் போடா, உன் காலேஜ் வைஃபையைப் போய்க் கேள் என்று நானும் பதிலுக்குத் திட்டினேன். மறுநாளும் அறுந்தது. மறுநாளும் கூப்பிட்டான்.

அப்படியே தினமும் வழக்கமாகிவிட்டது. கார்டைத் திட்டி முடித்ததும் வேறு பேச்சும் மெதுவாக வரும். கேன்டீன் குழம்பில் உப்பே இல்லை, அறையில் கூட இருக்கிற திமோத்தி குறட்டை விடுகிறான், ஒரு லெக்சரர் பேசுவது ஒன்றுமே புரியவில்லை. நான் ஃபோனைக் காதில் இடுக்கிக்கொண்டு பாத்திரம் கழுவுவேன். அறையிலிருந்து காற்றாடி இரைந்துகொண்டிருக்கும். அந்த மட்டமான கார்ட் நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் வாழ்த்தினேன்.

பிறகு ஒரு நாள், மடிக்கணினியைத் தபாலில் குருவிடம் அனுப்பி கார்டை மாற்றப் போவதாகச் சொன்னான். அன்றும் அறுந்ததும் கோபத்தில் பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டானாம், காலையில் தபால் நிலையம் போகிறானாம். திரும்பி வர இரண்டு வாரமாவது ஆகும். அதற்குள் கொடுக்க வேண்டிய அசைன்மென்டை யாரிடமாவது கணினி இரவல் வாங்கிச் செய்துகொள்வானாம். சரி என்று வைத்துவிட்டேன்.

மனசு கேட்கவில்லை. அவன் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று முதல் தடவையாகத் திரையைத் தட்டினேன். அவனுடைய விளையாட்டு திறந்திருந்தது. மேலே காலேப் என்று பெயர். கீழே ஒரு வீரன் வாளோடு, போக இடமில்லாமல் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் தலைக்கு மேல் ஆங்கிலத்தில் ஒரு வரி. இந்தக் கணக்கு வேறு இடத்தில் திறந்திருந்ததால் அங்கே மூடப்பட்டது என்று சொன்னது.

இரண்டு தடவை படித்தேன். பொத்தானை அழுத்தியதும் விளையாட்டு தானாகத் திறக்கும்படியும், அறுந்தால் தானாகவே திரும்ப நுழையும்படியும் அந்தக் கழுதை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கார்ட் நன்றாகத்தான் இருக்கிறது. தினமும் எட்டு மணிக்கு அவனை வெளியே தள்ளியது நான்தான்.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. கார்டை மாற்றி வாங்கட்டும், நான் பொத்தானை அழுத்துவேன், திரும்ப அறுந்துபோகும், திரும்பக் கூப்பிடுவான். சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மூன்று வார்த்தைதான் மிச்சம். ஆனால் கணினி இல்லாமல் பையன் படிப்பு கெட்டுப்போகுமே. பெற்றவள் செய்கிற காரியமா இது? ஃபோனை எடுத்தேன்.

"லேப்டாப்ப அனுப்பாதடா. கார்ட்ல ஒன்னும் இல்ல. நான்தான்."

"என்னம்மா நீங்க?"

"உன் பழைய கம்ப்யூட்டர டெய்லி எட்டு மணிக்கு ஆன் பண்றேன்."

"ஏம்மா? நீங்க கேம் விளையாடுறீங்களா?"

"இல்லடா. காத்தாடிச் சத்தத்துக்குத்தான். நீ உள்ள இருக்கிற மாதிரி இருக்கு."

 அந்தப் பக்கம் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டான்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிள்ளையைப் படிக்க அனுப்பிவிட்டு எந்தத் தாயாவது இப்படிச் செய்வாளா? மறுநாள் வேலை முடிந்து வந்ததும் அவன் அறைப் பக்கமே போகவில்லை. எட்டு மணிக்கு நண்பர்களோடு நிம்மதியாக விளையாடட்டும் என்று சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வீடு வெறிச்சென்று இருந்தது. முதல் கவளத்தைப் பிசைந்தேன். அப்போது ஃபோன் அடித்தது.

"மா, கேம் உள்ள வந்து எவ்ளோ நேரமா நிக்கிறேன். இன்னும் என்னைத் தள்ளலையே?"

இனிமேல் அதைத் தொடவே மாட்டேன், நீ போய் நண்பர்களோடு விளையாடு என்றேன். அவர்களிடம் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டானாம்.

"ஆன் பண்ணுங்கம்மா."

சோற்றுக் கையோடு எழுந்து போய் இடது கையால் பொத்தானை அழுத்தினேன். முனகியது. பிறகு இரைய ஆரம்பித்தது. கட்டிலில் உட்கார்ந்து, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசைக்கு அடியில் நீட்டிப் பிடித்தேன். கேட்கிறதா என்று நான் கேட்கவில்லை. 

"இந்தப் புதுசு சத்தமே போட மாட்டேங்குதும்மா" என்றான்.

குரல் ஒரு மாதிரியாக இருந்தது. இருவருமே ஃபோனை வைக்கவில்லை. கையில் ஒட்டியிருந்த சோறு காய்ந்துபோயிருந்தது.