பதினேழு வெள்ளைக் குறிகள்

கோம்பைக்காட்டுப் பாதையில் முதல் குறியை எந்தக் கல்லில் போட்டோம் என்பது தமிழழகனுக்கு இப்போது நிச்சயமாக நினைவில்லை. புளியமரத்தடிப் பாறையிலா, அதற்கு முன்னால் பஸ் திரும்புகிற இடத்தில் கிடந்த உடைந்த கல்லிலா என்று யோசித்தால் இரண்டுமே கண்ணுக்குத் தெரிகின்றன. வருஷம் 2003. மாதம் ஆனி என்றுதான் நினைக்கிறான். நடந்ததைத் தனக்குள்ளேயே அவன் அத்தனை முறை சொல்லிப் பார்த்துவிட்டான். எது நடந்தது, எது சொல்லிச் சொல்லிப் படிந்தது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. ஆனால் அன்று காலை கண்டக்டர் கிருஷ்ணமூர்த்தி சொன்னது மட்டும் சொல் மாறாமல் இருக்கிறது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், மலையடிவாரம் போகிற பஸ்ஸின் பின் ஏணியில் பாதி ஏறி நின்று, சைக்கிளை மேலே வாங்கிக்கொண்டே சொன்னார்.

"சைக்கிள் இல்லாதவன் பஸ்ல வர்றான். இருக்கறவன் சைக்கிள்ல போறான். நீங்க ஒருத்தர்தான் சார், சைக்கிளுக்கும் டிக்கெட் எடுத்து ஊர் சுத்திக் காட்டுறீங்க."

தமிழழகன் சிரித்து வைத்தான். பதில் சொல்வது அவனுக்கு எப்போதும் சிரமம். அரியலூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளன். இருபத்தொன்பது வயது. ஒற்றை அறை, நிறையப் புத்தகம், பகலெல்லாம் பேசாமல் இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்காத வேலை. சிமெண்ட் ஆலையிலிருந்து மாற்றலாகிப் போன ஓர் இன்ஜினியர், மகன் ஓட்டாமல் போட்டுவைத்திருந்த கியர் சைக்கிளைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தடித்த டயர், மலைக்கென்றே செய்தது. அதை எடுத்துக்கொண்டு அரியலூர்ச் சாலைகளில் இறங்கிய முதல் மாதமே, சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி ஒன்று அவனைக் கருவேலம் புதருக்குள் ஒதுக்கிவிட்டுப் போனது. முள்ளைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் லாரி வராத பாதைகளைத் தேட வேண்டும் என்று தோன்றியது. அவனிடம் மோட்டார் வண்டி கிடையாது, ஓட்டவும் தெரியாது. பஸ்ஸில் போய் இறங்கி, சைக்கிளில் சுற்றி, இருட்டுவதற்குள் பஸ் பிடித்துத் திரும்பிவிடக்கூடிய பாதைகளாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பாதைகளை ஒரு நீல அட்டை நோட்டில் எழுதத் தொடங்கினான்.

தேடுவது எளிதாக இல்லை. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் காவலாளிகள் துரத்தினார்கள். உடையார்பாளையத்து முந்திரிக் காடுகளில் மணல் சக்கரத்தை விழுங்கியது. திருமழபாடியில் கொள்ளிடக் கரை அழகாக இருந்தது, ஆனால் ஒரே சமதளம். மேடும் பள்ளமும் கல்லும் வேருமாக ஒரு பாதை வேண்டும். அதை டீக்கடையில் எப்படிக் கேட்பது? "இந்தப் பக்கம் மோசமான பாதை எதுங்க?" என்று கேட்டுப் பார்த்தான். ஊர்க்காரர்களுக்குச் சுருக்கென்றது. "எங்க ஊருல மோசம்னு ஒண்ணும் கெடையாது" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். பச்சைமலை அடிவாரத்தில், பஸ் திரும்புகிற இடத்தில் கடை வைத்திருந்த முருகையன் மட்டும்தான் டம்ளரைக் கழுவிக்கொண்டே கிழக்கே கையைக் காட்டினார். "கோம்பைக்காட்டுக்குப் போங்க. அதவிட மோசம் கவருமெண்டாலயே போட முடியாது."

போனான். பாறைக் கரடு ஏறி இறங்குகிற மூன்றரைக் கிலோமீட்டர். ஆள் உயரப் பாறைகளுக்கு இடையே ஒரு சரிவு, அதன் அடியில் ஓடை, ஓடைக்கு அப்பால் வேர்கள் படிபோல் கிடக்கும் ஏற்றம், உச்சியில் முப்பது வீடுகள். இறங்கும்போது காற்று காதில் இரைந்தது. அன்று அவன் நோட்டில் அந்தப் பாதைக்கு எதிரே 'மிக நன்று' என்று எழுதினான். வேறு எந்தப் பாதைக்கும் அப்படி எழுதியதில்லை.

அடுத்த ஞாயிறு அதை அளந்தான். சக்கரக் கம்பியில் சிவப்புத் துணி கட்டி, அது எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே தள்ளிக்கொண்டு போனான். ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர். நூறு சுற்றுக்கு ஒரு முறை நின்று, அரியலூர்ச் சாலையில் லாரிகள் சிந்திய வெள்ளைக் கற்களில் மிருதுவானதாகப் பொறுக்கி வந்திருந்த ஒன்றை எடுத்து, பக்கத்துப் பாறையில் எண்ணும் அம்புக்குறியும் போட்டான். ஒன்றிலிருந்து பதினேழு வரை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவன் தலையில் வெயிலுக்குத் தொப்பி, கையில் நோட்டு. தான் எப்படித் தெரிகிறோம் என்று அவனுக்கு அப்போது தோன்றவேயில்லை.

ஆடியில் இரண்டு நல்ல மழை பெய்தது. குறிகள் அழிந்திருக்கும், மறுபடி போட வேண்டும் என்று கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போனான். அழிந்திருக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று கனமான சுண்ணாம்புச் சாந்தில், அவன் கையெழுத்தின் மேலேயே யாரோ பூசியிருந்தார்கள். ஐந்தாம் எண்ணின் வளைவைக்கூட அப்படியே பிடித்திருந்தார்கள். பதினேழாவது குறியைச் சுற்றிக் கோலம்போல ஒரு கட்டம் வேறு. அதற்கு அருகில் ஒரு பெண்மணி சட்டியும் தென்னமட்டையுமாக நின்றிருந்தாள். பெயர் ஆண்டாயி என்று பிறகு தெரிந்தது.

"மழையில கரைஞ்சிரும்னு ஒவ்வொரு தடவையும் நாந்தாங்க பூசுறேன்" என்றாள். "ரோடு எப்பங்க ஆரம்பிக்கும்?"

அவள் வீட்டுக்காரர் நல்லுசாமி கயிற்றுக் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டார். கட்டிலில் உட்கார்ந்து, மோரைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழழகன் உண்மையைச் சொன்னான். தான் ரோடு ஆபீசர் இல்லை, கல்லூரி ஆய்வகத்தில் வேலை, சும்மா சைக்கிள் ஓட்டத்தான் வந்தது.

நல்லுசாமி சற்று நேரம் அவனைப் பார்த்தார். பிறகு சைக்கிளைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"சும்மா ஓட்டவா? அரியலூர்லேருந்து பஸ்ஸுல ஏத்திக்கிட்டு வந்து, இந்தப் பாதையில? எங்க மாடே இதுல எறங்க மூணு தரம் யோசிக்கும் சார்." குரலைத் தாழ்த்தினார். "புரியுதுங்க. வேலை உறுதியாவற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கு உத்தரவு இருக்கும். நாங்க யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டோம்."

புறப்படும்போது சைக்கிளின் பின்னால் கால் கட்டிய ஒரு கோழி தொங்கியது. அதை அவிழ்த்துக் கொடுப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது. வேண்டாம் என்றதைப் போதாது என்று எடுத்துக்கொண்டார்களோ என்ற சந்தேகம் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அரித்தது. உண்மையைச் சொல்லியாகிவிட்டது. உண்மை அங்கே நம்பும்படியாக இல்லை. அதற்குமேல் ஒருவன் என்ன செய்ய முடியும் என்று கேட்டுக்கொண்டான். பிறகு ஒன்று செய்தான். அடுத்த முறை போய், ரோடு கேட்டு ஒரு மனு எழுதி, முப்பது வீட்டாரின் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்து, பெரம்பலூர் கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்தான். முத்திரை குத்திய ரசீது ஒன்று கொடுத்தார்கள். அதை நல்லுசாமியிடம் சேர்த்தான்.

அவன் செய்ததிலேயே பெரிய தவறு அந்த ரசீதுதான். அதுவரை ஆண்டாயிக்குக்கூட அரை நம்பிக்கைதான் இருந்திருக்கும். இப்போது வட்ட முத்திரை போட்ட அரசாங்கக் காகிதம். சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டினார்கள்.

ஆவணிக் கடைசியில் போனபோது அந்தப் படத்தின் கீழே ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கை நிறையக் கண்ணாடி வளையல்கள்.

"எங்க மவ மலர்கொடி" என்றாள் ஆண்டாயி. "தலைப்பிரசவம். உடையார்பாளையத்துல கட்டிக் குடுத்தது. பஸ்ஸு வூட்டு வாசல்லயே நிக்கும், பத்து நிமிசத்துல ஆசுபத்திரி. அத வச்சுத்தான் சம்பந்தி அனுப்ப மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. ரோடு வருது, ஆட்டோ வாசலுக்கே வரும், சீலு குத்தி வந்திருச்சுன்னு சொல்லித்தான் வளைகாப்பு போட்டுக் கூட்டியாந்தோம்."

கார்த்திகை பிறந்ததும் நாள் என்றார்கள். தமிழழகன் மனதுக்குள் மாதங்களை எண்ணினான். அதற்கு நடுவில் ஐப்பசி மழை. ஓடை.

ஆண்டாயி தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து அவன் அந்தப் பெண்ணிடம் பேச வாயெடுத்தான். சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தபோதே அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்க ஆபீசர் இல்ல சார். எனக்குத் தெரியும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எங்க மாமியா ஊருல ரோடு அளக்குறத நான் பாத்திருக்கேன். ஜீப்புல வருவாங்க. செயின் புடிக்க நாலு பேரு வருவாங்க. இப்படித் தனியா, வேர்க்க விறுவிறுக்க, சந்தோசமா யாரும் வர மாட்டாங்க."

"அப்படின்னா உங்க அம்மாகிட்ட சொல்லும்மா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீ சொன்னா நம்புவாங்க."

மலர்கொடி வளையல்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளினாள். அவை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"சொல்லாதீங்க சார். ரோடு வராதுன்னு தெரிஞ்சா அம்மா என்னை அங்கயே கொண்டுபோயி விட்டுரும். மூணு வாரமாத்தான் தூக்கம்னு ஒண்ணு வருது எனக்கு, இந்த வூட்டுக்கு வரப்போறேன்னு தெரிஞ்சதுலேருந்து. அங்க..." நிறுத்தினாள். மணிக்கட்டின் உள்பக்கம், வளையல்கள் விலகிய இடத்தில், பழைய சூட்டுத் தழும்பு ஒன்று இருந்தது. அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள். "நாள் நெருங்குனா பத்து நாளைக்கு முன்னாடியே பெரம்பலூருக்குப் போயி, சித்தி வூட்டுல இருந்துக்கறேன். நான் அப்பாகிட்ட சொல்லிக்கறேன். நீங்க பேசாம மட்டும் இருங்க."

பேசாமல் இருப்பது. உலகத்திலேயே அவனுக்கு நன்றாகத் தெரிந்த காரியம். சரி என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையாவது மாற்றிக்கொண்டிருக்கலாம் என்று பின்னாளில் நினைத்திருக்கிறான். ஆண்டாயி குடத்தோடு வந்தாள். "என்னங்க சார் சொல்லுது எங்க பொண்ணு?" என்றாள். "ஒண்ணுமில்லீங்க" என்றான். அன்று இறங்கும்போது பதினேழு குறிகளையும் பார்த்துக்கொண்டே வந்தான். ஒவ்வொன்றிலும் நின்று அழித்துவிடலாமா என்றிருந்தது. ஐந்தாவதில் நின்று விரலால் தேய்த்தும் பார்த்தான். சாந்து நன்றாகப் பிடித்திருந்தது.

அந்த ஐப்பசியில் மழை விடவில்லை. அந்த மாதம் முழுக்க அவன் போகவில்லை. ஓடையில் தண்ணீர் இருக்கும், சைக்கிள் போகாது என்பது காரணம். அதுதான் முழுக் காரணமா என்று அறையில் உட்கார்ந்து, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு, ஜன்னலில் மழையைப் பார்த்தபடி தன்னையே கேட்டுக்கொண்டான். பெரம்பலூர் சித்தி வீட்டில் இருப்பாள், நிச்சயம் போயிருப்பாள் என்று சொல்லிக்கொண்டான்.

கார்த்திகை முதல் வாரம் மழை வெறித்தது. போனான். பஸ் மேலிருந்து சைக்கிளை இறக்கிக் கொடுத்த கிருஷ்ணமூர்த்தி அன்று எதுவும் கிண்டல் செய்யவில்லை. முருகையன் டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தமிழழகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. புளியமரத்தடிக்கு வந்தான். முதல் பாறை வெறும் பாறையாக இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் வெள்ளை கரைந்து கீழே மண்ணில் வழிந்த தடம் மட்டும் இருந்தது. ஓடைக்கரைக்கு வருவதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேலே ஏறினான்.

நல்லுசாமிதான் சொன்னார், மண்வெட்டிக் காம்பைச் சீவிக்கொண்டே, தலை நிமிராமல். நாளுக்குப் பத்து நாள் முன்னாடி பெரம்பலூர் போவதாக இருந்தது. இருபது நாள் முன்னாடியே வலி வந்துவிட்டது. விடியற்காலை, நல்ல மழை. கயிற்றுக் கட்டிலில் கிடத்தி நாலு பேர் தூக்கினார்கள். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். தண்ணீர் வடியட்டும் என்று இந்தக் கரையிலேயே இரண்டு மணி நேரம் நின்றார்கள். அங்கேயே பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. அழவில்லை.

தமிழழகன் நின்றுகொண்டே இருந்தான். என்னால்தான் என்று சொல்ல வேண்டும் என்றிருந்தது.

நல்லுசாமி எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார்.

"நீங்க கலங்காதீங்க சார். உங்களால ஆனத நீங்க செஞ்சீங்க. மனு குடுத்தீங்க, நடையா நடந்தீங்க. மேல இருக்கறவங்க மனசு வைக்கணும்ல." மடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "இன்னொரு மனு எழுதி வச்சிருக்கோம். இதையும் சேத்துருங்க."

உள்ளே சுவரோரம் மலர்கொடி படுத்திருந்தாள். கதவு வழியாக அவனைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்வான் என்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கையில் வளையல் எதுவும் இல்லை.

அவன் காகிதத்தை வாங்கிக்கொண்டான்.

இரண்டாவது மனுவையும் கொடுத்தான், அதற்கும் முத்திரை போட்ட ரசீது வந்தது. தை மாதம் மலர்கொடியை உடையார்பாளையத்துக்கே கொண்டுபோய் விட்டார்கள். ஒரு வருஷம் கழித்து அவள் அங்கிருந்து தனியாகத் திருப்பூருக்குப் போய்விட்டாள் என்று முருகையன் சொல்லித் தெரியும். நல்லுசாமி 2006இல் காய்ச்சலில் இறந்தார். கிருஷ்ணமூர்த்தி வேறு ரூட்டுக்கு மாறிவிட்டார். 2007இல் கோம்பைக்காட்டுக்கு மேலே யாரோ கல் உடைக்க இடம் பிடித்தார்கள். லாரி போவதற்காக மூன்று மாதத்தில் ரோடு வந்தது, ஓடைக்கு மேல் பாலமும் வந்தது. ஆண்டாயி அந்த வீட்டிலேயே இருக்கிறாள். தமிழழகன் அரியலூரில் அதே அறையில் இருக்கிறான். சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே டயர் இறங்கி நிற்கிறது. நீல அட்டை நோட்டை அவன் கிழிக்கவில்லை. கோம்பைக்காடு, பஸ் நிறுத்தத்திலிருந்து மூன்றரைக் கிலோமீட்டர் என்று எழுதியதற்கு எதிரே, 'மிக நன்று' என்று அப்படியே இருக்கிறது.