கரையில் யாரையும் விடாத படகு

அந்தப் பெண்மணி ஈரமான லைஃப் ஜாக்கெட்டை என் ஜன்னல் பலகையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சவாரி எப்படி இருந்தது என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. அவளாகவே சொன்னாள்.

"அந்தப் படகோட்டி மட்டும் குடிக்காம இருந்திருந்தா அத்தனை பேரும் பொழைச்சிருப்பாங்க, இல்லக்கா?"

ஜாக்கெட்டில் கட்டியிருந்த விசிலை அவிழ்த்துக்கொண்டிருந்த என் கை நின்றது. யார் சொன்னது அப்படி என்று கேட்டேன். படகை ஓட்டின தம்பிதான் சொன்னார், நேரில் பார்த்த மாதிரியே சொல்கிறார், என்ன வாய் அவருக்கு என்று மெச்சிக்கொண்டே அவள் பேருந்தைப் பார்த்து நடந்தாள்.

அந்தத் தம்பி, என் தம்பி. அவன் சொன்ன குடிகாரர் எங்கள் அப்பா. படகு கவிழ்ந்த நாளில் அவன் தவழ்ந்துகொண்டிருந்தான்.

மழை நின்று ஏரி நிரம்பியதும் எங்கள் ஊருக்கு சீசன் வரும். காலையில் பனி இறங்கும், எங்கிருந்தோ வெள்ளைப் பறவைகள் வந்து நாணலில் உட்காரும். ஊர்க்காரர்கள் சுவருக்குச் சாயம் அடித்து, தங்கள் முகத்துக்கும் ஒரு சிரிப்பை அடித்துக்கொண்டு துறைக்கு வந்துவிடுவார்கள். துறை வாசலில் ஒரு பலகை உண்டு. காலையில் பறவை பார்க்க, மதியம் தீவு, மாலையில் 'கடைசிப் படகு' என்று எழுதியிருக்கும். அந்த மூன்றாவது, இந்த வருஷம் புதிதாகச் சேர்த்தது. சூரியன் மறைவதைப் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். நான் ஜாக்கெட் கொட்டகையில் இருப்பவள். என் ஜன்னல் படகுத் துறையைப் பார்த்தது. நடு ஏரியில் பேசுவது என் காதுக்கு வராது. அந்தச் சவாரியில் படகு கவிழ்ந்த கதையைச் சொல்கிறார்கள் என்பது ஊரே அறிந்த விஷயம், எனக்கு மட்டும் ஒரு வெளியூர்க்காரி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஏரியைச் சுற்றி ரோடு போடுவதற்கு முன்னால் அக்கரைச் சந்தைக்குப் போக அப்பாவின் படகு ஒன்றுதான். அதற்கு ஒரு சட்டம் இருந்தது. சாயங்காலம் அக்கரையிலிருந்து கிளம்பும் கடைசிப் படகு யாரையும் கரையில் விட்டுவிட்டு வராது. சந்தை கலைந்துவிட்டால் அந்தப் பக்கம் சேறும் புதரும்தான், ஒதுங்க ஒரு கூரை கிடையாது. அதனால் வந்த வழக்கம். இன்றைக்கும் ஊருக்கு அதில் பெருமை. 'எங்கள் கடைசிப் படகு யாரையும் கரையில் விட்டதில்லை' என்று துறை வளைவில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் கீழே நின்று புதுமணத் தம்பதிகள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

அன்றைக்கு எனக்குப் பள்ளி விடுமுறை. அப்பாவோடு போயிருந்தேன். மேகம் கறுத்ததும் சந்தை சீக்கிரமே கலைந்து, இரண்டு நடையில் வரவேண்டிய கூட்டம் ஒரே படகுக்கு வந்து நின்றது. பாதிப் பேர் இறங்குங்கள், திரும்பி வந்து கூட்டிப் போகிறேன் என்று அப்பா கெஞ்சினார். ஒருவரும் இறங்கவில்லை. கடைசிப் படகு யாரையும் விடாது, சட்டம் தெரியாதா உனக்கு என்று அவரிடமே கத்தினார்கள். அப்பா முன்பக்கம் வந்தார். என்னை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக் கரையில் நிறுத்தினார்.

"இங்கேயே நில்லு. அப்பா வரேன்."

நான் எழுந்த இடம் காய்வதற்குள் அங்கே ஒருத்தன் குதித்து ஏறினான். மீசை அப்போதுதான் அரும்பிய வாலிபன். கையில் காலி எண்ணெய் டின். படகு கிளம்பியபோது தண்ணீர் விளிம்புக்கு ஒரு விரல் கீழே இருந்தது. மழை வந்து மறைக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். மறைந்த பிறகும் நின்றேன்.

மறுநாள் என்னைத் தேடி வந்து கூட்டிக்கொண்டு போனபோது ஊரில் கதை தயாராக இருந்தது. படகோட்டி குடித்திருந்தான். அப்பா குடிக்கவே மாட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல நாளில் குடிப்பார். படகைத் தொடும் நாளில் அதைத் தொட்டதில்லை. நான் பார்த்ததைச் சொன்னேன். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஒரு பெண் என் வாயில் கையை வைத்து மூடினாள். அவள் புருஷனும் அந்தப் படகில் ஏறியவன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு செத்தவரோ பிழைத்தவரோ இருந்தார்கள். நம் ஆட்கள் இறங்க மறுத்தார்கள் என்பதை வைத்துக்கொண்டு எப்படிச் சோறு தின்பது? பாவம் ஓரிடம், பழி ஓரிடம். பழி எங்கள் வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொண்டது.

அந்த வாலிபன் எண்ணெய் டின்னைக் கட்டிப்பிடித்து மிதந்து கரை சேர்ந்தான். அன்றிலிருந்து அவனுக்கு 'மிதப்பு' என்று பட்டப்பெயர். இப்போது படகுச் சங்கத் தலைவர் என்பதால் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். 'கடைசிப் படகு' சவாரி அவருடைய யோசனை.

அந்தப் பெண்மணி சொல்லிப்போன மறுநாள் மதியம் தம்பி வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குத் துறையில் 'ரேடியோ' என்று பெயர், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். அம்மா சுவரோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவக் குடிகாரன்னு சொன்னியாமே."

அவன் நிமிரவில்லை. "அப்பான்னு சொல்லலக்கா. படகோட்டின்னுதான் சொன்னேன்."

எனக்கு அந்தத் தட்டை எடுத்து வீசவேண்டும் போல் இருந்தது. ஊர் சொல்வதைத்தானே சொல்கிறேன், தலைவர் எழுதிக் கொடுத்ததைத்தானே சொல்கிறேன் என்றான். பிறகு அவனுக்கும் கோபம் வந்தது.

"நான் பார்த்தேனா? நீ பார்த்தே. என்னிக்காவது எங்கிட்ட உக்காந்து சொல்லியிருக்கியா? உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை புடுங்கறதுக்குள்ள ஏரியே வத்திடும்."

சொன்னேன். நின்ற வாக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். சேறு, மழை, எண்ணெய் டின், அப்பா கெஞ்சிய வார்த்தை உட்பட. அவன் கை தட்டிலேயே காய்ந்துபோனது.

கடைசியில் அவன் சொன்னது, இதைப் படகில் சொன்னால் யார் யார் ஏறினார்கள் என்று கேட்பார்கள், தினமும் விழிக்கிற முகங்கள் அவை, எப்படிச் சொல்வேன் என்பதுதான். செத்தவருக்கு இனி என்ன வரப்போகிறது என்றும் கேட்டான்.

"விடுடி," என்றாள் அம்மா, துணியைப் பார்த்தபடியே. "அவரு இருந்தா அவரே விட்டிருப்பாரு."

அவர் இருந்திருக்கலாமே, அவர்கள் இறங்கியிருந்தால். அதை நான் வெளியே சொல்லவில்லை. கதவைக்கூடச் சாத்தாமல் வந்துவிட்டேன்.

அதன் பிறகு என் வேலையில் நான் இன்னும் கடுமையானேன். ஜாக்கெட்டுக்குள் இருக்கும் நுரைப்பஞ்சு வருஷக்கணக்கில் தண்ணீர் குடித்தால் கனத்துப்போகும். வெளியே பார்க்கப் புதிது மாதிரியே இருக்கும். தொட்டித் தண்ணீரில் போட்டு மேலே ஒரு கல்லை வைத்தால் தெரிந்துவிடும். கல்லோடு கீழே போனதை எல்லாம் தனியே பின் ஆணியில் மாட்டினேன், கழிப்பதற்கு.

சீசனின் கடைசி ஞாயிறு. வெயில் சாயும் நேரத்தில் துறையில் கால் வைக்க இடமில்லை. தம்பியின் படகில் இருக்கை நிரம்பியது. அதற்குரிய ஜாக்கெட்டுகளைக் கொடுத்து முடித்தேன். அப்போது இன்னொரு பேருந்துக் கூட்டம் வந்து இறங்கியது. குழந்தைகளும் பைகளுமாக. தலைவர் அவர்களை வளைவுக்குக் கீழே நிறுத்தி, எழுத்தைக் காட்டி, எங்கள் ஊரில் கடைசிப் படகு யாரையும் விட்டதில்லை, கவலையே படாதீர்கள் என்றார். அவர்கள் கை தட்டினார்கள். பிறகு என் ஜன்னலுக்கு வந்தார்.

"ஏம்மா, இன்னும் ஜாக்கெட் எடு."

"முடிஞ்சு போச்சு."

"பின்னாடி தொங்குதே, அது என்ன?"

"அது கழிச்சது. மிதக்காது."

"சும்மா மாட்டிக்கத்தானே? யாருக்குத் தெரியப்போகுது?"

"உங்களுக்குத் தெரியும் தலைவரே. மிதந்தவர் நீங்க."

அந்தப் பேச்சை அவர் முகத்துக்கு நேரே யாரும் பேசியதில்லை. அவர் காது மடல் சிவந்தது. ஜன்னல் பலகையை விட்டுக் கையை எடுத்துக்கொண்டு படகுப் பக்கம் போனார். ஜாக்கெட் வேண்டாம், கிட்டத்தில்தான் போகிறது, ஏறுங்கள் ஏறுங்கள் என்று அவரே ஆட்களைத் தூக்கி ஏற்றத் தொடங்கினார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பி துறையில் நின்றான். அவன் பார்வை விளிம்பில் இருந்தது. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறான்.

"பாதிப் பேர் இறங்குங்க," என்றான். "திரும்பி வந்து கூட்டிட்டுப் போறேன்."

ஒருவரும் இறங்கவில்லை. இருட்டிவிடும், குழந்தை அழுகிறது, கடைசிப் படகு யாரையும் விடாதென்று இப்போதுதானே சொன்னீர்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தம்பி படகில் தாவி ஏறி இஞ்சின் சாவியைப் பிடுங்கினான். திரும்பத் துறைக்குக் குதித்து அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

கூட்டம் இரைந்தது. தலைவர் இரண்டு கையையும் தூக்கி அவர்களை அமர்த்தினார். சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

"மன்னிச்சுக்கங்க. பையன் கொஞ்சம் ஏத்திக்கிட்டான் போல. அவங்க பரம்பரையே அப்படி."

தம்பி சட்டைப்பையில் இருந்த சாவியைக் கையால் பொத்திக்கொண்டான். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "ஆமா, வாடைகூட வருதே," என்றார் படகில் இருந்த ஒருவர். அவன் மேல் அடித்தது டீசல் வாடை.

இப்படித்தான் செய்திருக்கிறார்கள். அன்றைக்கும் ஒருத்தன் சிரித்தபடியே முதலில் சொல்லியிருப்பான், இன்னொருத்தனுக்கு உடனே வாடை வந்திருக்கும். இத்தனை வருஷம் நான் அதை ஏதோ பெரிய சதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சுலபமான காரியம் அது.

கொட்டகையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தேன். கூட்டம் வழிவிட்டது. தலைவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"அன்னிக்கு எங்கப்பா என்னைக் கரையில இறக்கி விட்டாரு. அந்த இடத்துல ஏறினது யாரு? நீங்களே சொல்லுங்க."

நான் காத்திருந்தேன். பேசாமல் நிற்பது எனக்குத் தெரிந்த வேலை. ஊர்க்காரர்கள் சிலர் தரையைப் பார்த்தார்கள். வெளியூர்க்காரர்கள் என்னைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், பிறகு அவரை மட்டும் பார்த்தார்கள். படகு தண்ணீரில் இடித்து இடித்து நின்றது. அவர் தலைப்பாகை போலச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார்.

"இருட்டிப் போச்சு," என்றார். "எல்லாரும் கிளம்புங்க."

படகிலிருந்து முதலில் ஒரு கிழவர் இறங்கினார். அவர் பின்னால் மற்றவர்கள். வாடை வருகிறது என்றவர் தம்பியைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டு போனார்.

தம்பி படகைக் கட்டினான். கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

"நாளைக்கு நடந்தத நடந்தபடி சொல்றேன்க்கா."

"நாளைக்கு உனக்குப் படகு குடுக்க மாட்டாரு."

"அப்ப யாருகிட்டச் சொல்றது?"

துறையிலிருந்து மேலே போகும் தெருவைப் பார்த்தேன். விளக்குகள் எரிந்தன. ஒவ்வொரு கடை வாசலிலும் ஆட்கள் நின்று எங்களையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள்.

"இவங்ககிட்டதான். முதல் கடையிலேர்ந்து ஆரம்பி."

நடந்தோம். நாங்கள் வருவதைப் பார்த்ததும் தொப்பிக் கடைக்காரர் தொங்கவிட்டிருந்த தொப்பிகளைக்கூட எடுக்காமல் ஷட்டரை இழுத்து இறக்கத் தொடங்கினார். தம்பி ஓடிப்போய் அதற்கடியில் காலை வைத்தான்.